சாயத் தண்ணீரில் நின்ற மின்னல்

சாயப்பட்டறையில் அவளை எல்லோரும் ஷேடம்மா என்றே கூப்பிட்டார்கள். வாடிக்கையாளர் அனுப்பிவைத்த துணித் துண்டு ஒன்று, பட்டறைத் தொட்டியில் முக்கியெடுத்த துண்டு ஒன்று. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நிறம் ஒத்துப்போகிறதா என்று சொல்வது அவள் வேலை. அதற்கு ஷேடு பார்ப்பது என்று பேர். வேலையின் பேரே ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அது தன்னைத்தானா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

அவள் அறையின் சுவர்களுக்குச் சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். மேசையும் சாம்பல், அவள் போட்டுக்கொள்ளும் அங்கியும் சாம்பல். பக்கத்து நிறம் கண்ணில் ஒட்டிக்கொண்டு தீர்ப்பைக் கெடுத்துவிடக் கூடாதே என்றுதான். ஒரே ஒரு சன்னல், அதுவும் வெயில் நேராக விழாத பக்கம். அந்த வெளிச்சத்தில் துணியை மடித்து, விரித்து, சாய்த்துப் பார்ப்பாள். “கொஞ்சம் மஞ்சள் தூக்கலா இருக்கு” என்பாள். தொட்டிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போவார்கள். தெருவில் இருந்த பெண்களும் அவளை விடுவதில்லை. சட்டைப் பித்தானையும் நூல்கண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

ஒரு பழக்கம் மட்டும் சின்ன வயதிலிருந்தே அவளை விடவில்லை. எதையாவது பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்குள்ளேயே போய்விடுவாள். அடுப்பில் பால் பொங்கி வழியும், வாசலில் ஆள் நின்று கூப்பிட்டுக் கொண்டிருப்பார். அவள் சன்னல் கம்பியில் நிற்கும் ஒரு மழைச்சொட்டோடு எங்கோ இருப்பாள். “உங்க அம்மா வீட்டுல இல்ல, வெளியூர் போயிருக்கா” என்று புருஷன் மகளிடம் கேலி செய்வார், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது.

அவர்கள் வீடு வாய்க்கால் கரையில் இருந்தது. அவள் பிறந்த வீடும் அதுதான். பட்டறை அதே வாய்க்காலின் மேல்புறத்தில். துணி முக்கி முடித்த தண்ணீரை அந்தக் காலத்தில் அப்படியே திறந்துவிடுவார்கள். காலையில் பச்சையாக வந்த வாய்க்கால் மத்தியானம் கத்தரிப்பூ நிறத்தில் போகும். சாயங்காலம் துருப்பிடித்த சிவப்பு. அந்த வீட்டுச் சுவரில் கடிகாரம் வேண்டியிருக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஷேடு அறையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அவர் தொட்டியில் மேஸ்திரி. அதிகம் பேசாத மனிதர், முழங்கை வரை சாயம் ஏறிய கை. ஒருநாள் வேலை முடிந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர், அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “நாளைக்கு என் தொட்டியில நீலம்.” அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. வீட்டுப் படியில் உட்கார்ந்து தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தபோது வாய்க்கால் வளைவில் நீலம் வந்தது. முதலில் ஒரு நாக்கு, பிறகு கரையோடு கரையாக. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டதெல்லாம் காதில் விழவில்லை. தண்ணீர் வழியாகவே அவர்கள் பேசிப் பழகினார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை. கல்யாணமாகி அவர் அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தார். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், நர்ஸ் ஆனாள். வாய்க்கால் நிறம் மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் அந்தத் தண்ணீர் அவர்கள் வீட்டோடு நின்றுவிடவில்லை. கீழே வளைவைத் தாண்டினால் கீரைத் தோட்டங்கள். ஒவ்வொரு பாத்தியாகக் கருகின. கிணறுகளிலும் நிறம் ஏறியது. தோட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வாய்க்காலில் விடும் தண்ணீர் தெளிவாகும்வரை பட்டறை திறக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. நியாயமான தீர்ப்புதான் என்று பட்டறை ஆட்களுக்கே தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் முடியவில்லை. பல மாதம் எல்லோரும் வீட்டில். மேஸ்திரியின் கையில் இருந்த நீலம் நகக்கண் வரை தேய்ந்து, பிறகு அங்கேயும் இல்லாமல் போனது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் ஒரு பொறியாளர் வந்தார். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த இளம்பெண், பேச்சில் படபடப்பு, சாப்பிட மறந்துவிடும் ரகம். பட்டறையின் பின்பக்கம், தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு கொட்டகை போட்டுத் தன் கருவியை நிறுத்தினார். தண்ணீரின் நிறத்தையும் கருவியின் வெளிச்சத்தையும் நாள் முழுக்கக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அந்த ஊரில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு என்று எல்லோரும் ஷேடம்மாவைக் காட்டினார்கள்.

முதல் நாள் அவள் பார்த்தது இதுதான். கண்ணாடிக் கூண்டுக்குள் அகலமான, ஆழமில்லாத தட்டு. அதில், மூடிக்கிடந்த பட்டறைத் தொட்டியில் தேங்கியிருந்த சாயத் தண்ணீர் மெல்லிய படலமாக ஓடியது. அதற்கு மேலே, ஒரு விரல் நுழையும் இடைவெளியில், சீப்புப் பற்களைப் போல எஃகு ஊசிகள் வரிசையாகத் தொங்கின. பொறியாளர் கதவைச் சாத்தி, காற்றை வெளியே இழுக்கும் விசிறியைப் போட்டு, பிறகு மின்சாரத்தைக் கொடுத்தார். சரசரவென்று ஒரு சத்தம், காய்ந்த இலைமேல் யாரோ ஓடுகிற மாதிரி. ஒவ்வொரு ஊசியின் நுனியிலிருந்தும் ஊதா இழை ஒன்று இறங்கித் தண்ணீரின் மேல் நின்றது. உள்ளே போகவில்லை. தொட்ட இடத்தில் நட்சத்திரம் மாதிரி விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. இடி இடித்து ஓய்ந்த பிறகு வரும் வாசனை கொட்டகையில் லேசாகப் பரவியது.

தண்ணீர் எரிகிறதா என்று அவள் கேட்டாள். பொறியாளர் சிரித்தார்.

“எரியல அக்கா. கரண்ட் ஓடணும்னா ரெண்டு பக்கமும் கம்பி வேணும் இல்லையா? இங்க ஒரு பக்கம் ஊசி. இன்னொரு பக்கம் தண்ணியேதான் கம்பி. நடுவுல இருக்கிற காத்து தாங்க முடியாம உடையுது. அந்த உடைஞ்ச காத்துதான் இந்த வெளிச்சம். அது தண்ணியைத் தொட்டா சாயத்தையும் உடைச்சிடும்.”

குழல்விளக்கில் இருப்பதுபோல் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய குழாய் எதுவும் இதற்கு வேண்டாம், நாம் மூச்சு விடுகிற இதே காற்று போதும் என்றும் சொன்னார். ஷேடம்மா தலையாட்டினாள், ஆனால் பாதியைக் கேட்டிருக்க மாட்டாள். அவள் அந்த இழைகளுக்குள் போய்விட்டிருந்தாள். தட்டின் ஒரு முனையில் கருநீலமாக நுழைந்த தண்ணீர் மறுமுனையில் கொஞ்சம் சோர்ந்த நீலமாக வெளியே வந்தது. அதையே மறுபடி சுற்றிவிட்டார்கள். மழை நாள் வானத்தின் நிறமானது. இன்னும் ஒரு சுற்று. பிறகு கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சன்னலோரம் வைத்தால், குவளை மட்டும்தான் தெரிந்தது.

எடுத்தவுடன் எல்லாம் நடந்துவிடவில்லை. துணியில் சாயம் பிடிக்க உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் தடையில்லாமல் பாயும். ஊதா இழைகள் ஒன்றுசேர்ந்து தடித்த மஞ்சள் பொறியாகி ஊசி முனையைக் கருக்கின. பொறியாளர் பல நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுக்காமல், கதவைத் தட்டுவது போல விட்டு விட்டுக் கொடுத்தபோது இழைகள் அடங்கி நின்றன. வெளிச்சத்தில் மஞ்சள் தலைகாட்டினால் உடனே மின்சாரத்தைக் குறைப்பது, வெளுத்த தண்ணீரில் ஏறியிருக்கும் புளிப்பு போகச் சுண்ணாம்பு சேர்ப்பது, ஊசிகளைத் தேய்த்துக் கழுவுவது, இவையெல்லாம் ஷேடம்மாவின் பொறுப்பாயின.

பட்டறை திறந்தது. மேஸ்திரி மறுபடி தொட்டிக்குப் போனார். அவர் மேலே நிறம் ஏற்றினார், அவள் கீழே எடுத்தாள். “புருஷன் போடுறதைப் பெண்டாட்டி அழிக்கிறா, குடும்பம்னா இப்படித்தான்” என்று பட்டறையில் சிரித்தார்கள். மேஸ்திரியும் கூடச் சிரித்தார். வீட்டுக்கு வந்தால் சிரிப்பில்லை. சாயங்காலம் படியில் உட்கார்ந்து வாய்க்காலைப் பார்ப்பார். தண்ணீர் தண்ணீராகப் போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் அவளிடம் சொன்னார்: “நான் இன்னைக்கு வேலைக்குப் போனேனா இல்லையான்னு இந்த வாய்க்காலுக்குத் தெரியாது.” கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கொட்டகையைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. கீழே எட்டிப் பார்க்க அவர் ஒருநாளும் வந்ததில்லை.

இப்படியே ஓரிரு வருடம் போனது. ஒரு முற்பகலில், தொட்டியருகே நின்றுகொண்டிருந்த மேஸ்திரி துணி கிளறும் கோலைக் கையிலிருந்து நழுவவிட்டார். குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, முகத்தில் ஒரு பாதி வாடித் தொங்கியது, பேச்சும் போய்விட்டது. மகள் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே சேர்த்து, உயிரைக் காப்பாற்றி, வீட்டுக்கு அனுப்பினார்கள். வாய்க்காலைப் பார்த்த சன்னலோரம் கட்டிலைப் போட்டார்கள். மகள் காலையில் அவர் கையை நீட்டி மடக்கிவிடுவாள், அவள் வேலைக்குப் போன பிறகு அடுத்த வீட்டுப் பெண் துணைக்கு இருந்தாள். ஷேடம்மா கொட்டகைக்கும் வீட்டுக்குமாகக் கரையோரம் நடந்தாள்.

பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நெடுந்தூரம். அப்படி நடந்து வருகிற சொல்லுக்கு எதிரில் இருப்பவர்கள் காத்திருப்பதைப் பார்ப்பதே அவருக்கு அவமானமாக இருந்தது. யாராவது எதிரில் வந்து உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஷேடம்மாவிடம் மட்டும் ஒருநாள், சன்னல் பக்கம் இடது கையைக் காட்டி, வாயைத் திறந்தார்.

“நீலம்… விடு.”

மகள் மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்தவள், அப்பா என்ன கேட்கிறார் என்றாள். ஒன்றுமில்லை என்றாள் அம்மா. அவர் மறுபடி சொன்னார்: “ஒரு… தடவை.”

விடுவது கஷ்டமே இல்லை. வாய்க்காலுக்கு நேராகப் போகும் பழைய குழாய் கொட்டகைக்குப் பின்னால் அப்படியே இருந்தது. அதைச் சிமெண்டு போட்டு அடைக்கக் கொத்தனாரை வரச் சொல்லியிருந்தார் பொறியாளர், கொத்தனார் இதோ வருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். குழாயின் சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றினால் போதும். பட்டறை விடுமுறை நாள் ஒன்றில் ஷேடம்மா தனியாக அங்கே போனாள். கழிவுத் தொட்டியில் நீலத் தண்ணீர் நிரம்பி நின்றது. சக்கரத்தின் மேல் கையை வைத்தாள்.

கையை வைத்தபடியே அவள் போய்விட்டாள். நீலம் குழாயை விட்டு இறங்குவதைப் பார்த்தாள். கரும்பச்சைப் பாசியைத் தடவிக்கொண்டு, கல்லுக்குக் கல் நின்று, வளைவில் திரும்பி, சன்னலுக்கு வெளியே போய் நிற்பதைப் பார்த்தாள். கட்டிலில் அவர் முகத்தின் அந்த வாடாத பாதி மலர்வதையும் பார்த்தாள். ஆனால் நீலம் அங்கே நிற்கவில்லை. அவள் கனவு என்றாலும் தண்ணீர் தண்ணீர்தானே. அது மேலும் கீழே போனது. வளைவைத் தாண்டி, இந்த வருடம்தான் மறுபடி பாத்தி கட்டிய கீரைக்காரி, இடுப்புக் குழந்தையை இறக்கிவிட்டுக் குடத்தை முக்குகிற இடத்துக்குப் போனது. குழந்தை இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தது.

ஷேடம்மா கையை எடுத்தாள். உள்ளங்கையில் துருவின் தடம் இருந்தது. வீட்டுக்குப் போய்க் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“விடமாட்டேங்க. என்னால முடியாது. உங்களுக்குப் பார்க்கணும்னா நீங்க அங்க வாங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்று முழுதும் திறக்கவில்லை. மறுநாள் காலை, அவள் கிளம்பும் நேரத்தில், இடது கையால் போர்வையைத் தள்ளிவிட்டுப் படுத்திருந்தார். வருகிறேன் என்பதற்கு அதுதான் சொல்.

சக்கர நாற்காலி அந்தக் கரையில் உருளாது. பட்டறையில் ஈரத்துணி ஏற்றும் தள்ளுவண்டியைத் தொட்டிக்காரர்கள் கழுவிக் கொண்டுவந்தார்கள். அதில் மெத்தையை மடித்துப் போட்டு, மேஸ்திரியைச் சாய்த்து உட்காரவைத்து, மகள் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, மத்தியான வெயிலில் கிளம்பினார்கள். “லோடு கனமா இருக்கு மேஸ்திரி, தண்ணி பிழிஞ்சுதானே ஏத்தினீங்க?” என்றார் ஒருவர். மேஸ்திரியின் உதடு ஒரு பக்கமாக அசைந்தது. மரங்களின் நிழல் அவர்மேல் ஏறி இறங்கிக்கொண்டே வந்தது.

கொட்டகையில் பொறியாளர் வண்டியைக் கூண்டுக்கு எதிரே, எட்ட நிறுத்தச் சொன்னார். மேஸ்திரியின் பழைய தொட்டியில், அவர் முன்பு ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த அதே கலவையில் அன்று காலைதான் நீலம் முக்கியிருந்தார்கள். அந்தத் தண்ணீர் தட்டில் ஓட ஆரம்பித்தது. ஷேடம்மா மின்சாரத்தைக் கொடுத்தாள்.

சரசரப்பு எழுந்தது. ஊதா இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி நீலத்தின்மேல் நின்றன. அந்த வெளிச்சம் கருநீலத் தண்ணீருக்குள்ளும் இன்னொரு தடவை தெரிந்தது. ஊசியிலிருந்து கீழே ஒரு மின்னல், தண்ணீருக்குள்ளிருந்து மேலே ஒரு மின்னல், இரண்டும் பாதத்தோடு பாதம் வைத்து நின்றன. மேஸ்திரி கழுத்தை முன்னால் நீட்டினார். மகள் அவர் தோளைப் பிடித்திருந்தாள். வெளியே வெயில் நகர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் சுற்றி வந்தது. நீலம் அவசரப்படாமல், மனமில்லாமல் கிளம்புகிற விருந்தாளி மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது.

“எங்க… போகுது?” என்றார்.

பொறியாளர் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து சொன்னார். நிறம் எங்கேயும் போவதில்லை, உடைந்து தூளாகிவிடுகிறது. கொஞ்சம் காற்றோடு சேர்கிறது, கொஞ்சம் தண்ணீரிலேயே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. மேஸ்திரி யோசித்தார். அந்தச் சுற்றில் பிடித்துச் சன்னலோரம் வைத்திருந்த குவளையைக் காட்டி, இன்னும் வெளுக்கவில்லையே என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். அதில் இன்னும் நீலம் தங்கியிருந்தது.

“மத்ததெல்லாம் இந்நேரம் வெளுத்திருக்கும்” என்றார் பொறியாளர். “சிவப்பும் பச்சையும் சீக்கிரம் விட்டுடும். உங்க நீலத்துக்குத்தான் கூடச் சுற்று விடணும். முதல் மாசம் இந்த நீலத்தாலதான் எனக்குத் தூக்கம் போச்சு. அக்கா சொல்லலையா?”

மேஸ்திரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சொல்லவில்லைதான். சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. வீட்டில் அந்தப் பேச்சே இல்லாமலிருந்ததால் நாக்கின் நுனிக்கு எதுவும் வந்ததுமில்லை.

“கெட்டி” என்றார் மேஸ்திரி. ஒரு சொல்தான். ஆனால் தடுக்காமல், முழுசாக வந்தது.

“கெட்டிதாங்க” என்றாள் அவள்.

அவர் சிரித்தார். பாதி முகத்துச் சிரிப்பு. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விசிறியைப் பார்த்தாள். அதற்குப் பிறகும் வெகு நேரம் இருந்தார்கள். நீலம் போய், அதன் சாயை போய், குவளை வெறும் கண்ணாடியான பிறகுதான் வண்டியைத் திருப்பினார்கள்.

அதற்குப் பிறகு கொத்தனார் வந்தார், பழைய குழாயை அடைத்தார். மேஸ்திரிக்குத் தொட்டி வேலை அதோடு முடிந்துபோனது. பட்டறையில் அவருக்காக வேறு ஆள் போட்டார்கள். ஒரு கோலை ஊன்றி நடக்கப் பழகியதும், மத்தியான வேளைகளில் கரையோரமாக மெதுவாகக் கொட்டகைக்கு வரத் தொடங்கினார். வழியில் நின்று நின்று வருவார். கூண்டுக்கு எட்டத்தில் அவருக்கென்று ஒரு மர நாற்காலி போட்டிருந்தார்கள். வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். இப்போதெல்லாம் வீட்டில் இல்லாமல் வெளியூர் போகிறவர்கள் இரண்டு பேர் என்று மகள் சொல்லிக்கொண்டாள்.

கொட்டகையில் அவர் பேச ஆரம்பித்தார். வீட்டில் வாய் திறக்காதவர், அந்தச் சரசரப்புக்குள் உட்கார்ந்து பேசினார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலிருந்த தூரத்தை அந்தச் சத்தம் நிரப்பிவிட்டது. அவர் திக்குவது அவர் காதுக்கே கேட்கவில்லை போலும். என்ன பேசினார் என்று ஷேடம்மாவுக்கு முழுசாகத் தெரியாது. பாதிதான் காதில் விழும். படுக்கையில் கிடந்தபோது கண்ட கனவுகள், அவருடைய அப்பாவின் சைக்கிள், மகள் தனியாக வாழ ஆசைப்படுகிறாளோ என்ற சந்தேகம், பொறியாளர் சாப்பிடாமல் வேலை செய்வது நல்லதில்லை என்பது, இப்படி என்னென்னவோ. அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் உம் கொட்டுவாள். இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

ஒருநாள் ஊசி வரிசையின் ஓரத்தில் மஞ்சள் தலைகாட்டியது. கழுவ வேண்டிய வேளை. அவள் எட்டி மின்சாரத்தை நிறுத்தினாள். இழைகள் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே போய்விட்டன. சத்தமும் நின்றது. தட்டில் தண்ணீர் நகரும் ஓசை மட்டும்.

அந்த நிசப்தத்தில் அவர் குரல் திடீரென்று பெரிதாகக் கேட்டது. பாதி வாக்கியத்தில் இருந்தார்.

“…அந்தப் பின்கட்டுச் சன்னல… இன்னும் கொஞ்சம்… பெரிசா வெச்சிருந்தா… காத்து வந்திருக்கும்.”

ஒரு சொல் வந்தது, ஒன்று நின்றது, ஒன்று தடுக்கியது. எல்லாம் தெளிவாகக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். ஷேடம்மா தேய்க்கும் பிரஷை எடுத்தவள், திரும்பிப் பார்க்காமல் நின்றாள். நிறுத்திவிடுவார் என்று நினைத்தாள்.

“இப்பவும்… வெக்கலாம்” என்றார் அவர். “கொத்தனாரைத்தான்… பிடிக்கணும்.”

அவள் பிரஷைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, எவ்வளவு அகலம் வைக்கலாம் என்று கேட்டாள். அவர் யோசித்து, இடது கையைக் காற்றில் நீட்டி, அளவு காட்டத் தொடங்கினார்.